மௌத் என்று எழுதியிருந்த கோவை

2025 ஓகஸ்ட் 24, ஞாயிறு

கடைசி இரண்டு சாக்கும் இன்று முடிந்தன. ஹோலில் இனி இரண்டு காலாலும் நடக்கலாம்.

உம்மா வேலை செய்கிற பிரதேச செயலகக் கந்தோருக்கு வியாழக்கிழமை மார்க் போட ஆட்கள் வருகிறார்கள். எந்தக் கந்தோர் ஒழுங்காக இருக்கிறது என்று பார்க்கிற போட்டி. ஆவண அறையில் கோவை என்று சொல்கிற ஒவ்வொரு பைலின் முதுகிலும் நிறம் ஒட்டியிருக்க வேண்டும். பச்சை என்றால் என்றைக்கும் வைத்திருக்க வேண்டியது. மஞ்சள் என்றால் பத்து வருடம். சிவப்பு என்றால் அலுவல் முடிந்தது, அகற்றலாம். காணிக் கோவைகள் மட்டும் ஆயிரத்துச் சொச்சம். அவ்வளவுக்கும் உம்மா ஒரே ஆள். பகல் முழுக்கச் சனம் வந்துகொண்டே இருக்கும், எப்போது ஒட்டுவது? அதனால் மூன்று கிழமையாக வெள்ளிக்கிழமை கோவைகள் சாக்கில் கட்டி ஓட்டோவில் வீட்டுக்கு வரும். திங்கள் காலை திரும்பிப் போகும்.

கோவை கந்தோர் வாசலைத் தாண்டக் கூடாது. அது சட்டம். “ஸ்கூல்ல வாயத் தொறந்துடாத புள்ள” என்று உம்மா மூன்று தரம் சொல்லிவிட்டார்.

சிவப்புப் பட்டியல் எழுதுவது என் வேலை. இலக்கம், பெயர், அவ்வளவுதான். உம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன். இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு உம்மாவுக்குத் தலையிடி, படுத்துவிட்டார். மிச்சம் நாற்பதையும் நானே பார்த்து ஒட்டினேன். இவ்வளவு நாளில் எனக்குப் பழகிவிட்டது. ஒரு கோவையின் மட்டையில், பெயருக்கு மேலே, பென்சிலால் ‘மௌத்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். உள்ளே ஒரு கடிதத்தில் என் பிறந்த நாள் அப்படியே இருந்தது. ஆள் மௌத்து, இறந்துவிட்டார். அலுவல் முடிந்தது. சிவப்பு.

உம்மா எழும்பி வந்து அடுக்கியிருந்ததைப் பார்த்து, “என்ட கிளி, நீ இல்லாட்டி நான் என்ன செய்யிற?” என்றார். வாப்பா கட்டாரிலிருந்து போன் எடுத்தபோது அவரிடமும் அதையே சொன்னார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

ஓகஸ்ட் 28, வியாழன்

இரண்டாம் இடம்! நிர்வாக உத்தியோகத்தர் றம்ஸீன் சேர் எல்லாருக்கும் முன்னால், “காணிப் பகுதியப் பாத்துப் படிங்க” என்றாராம். உம்மா அதை நடித்தே காட்டினார்.

செப்டெம்பர் 3, புதன்

உம்மா வந்து அபாயாவைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது.

இன்று கந்தோருக்கு ஸுல்பிகா என்று ஒரு பெண் வந்திருக்கிறார். சுனாமிக்குப் பிறகு வீடு கொடுத்தபோது அவருடைய உம்மாவுக்கு ஒரு துண்டுக் காணியும் வீடும் கிடைத்தன. அந்த உம்மா இறந்து ஆறு வருடமாகிறது. இப்போது ஸுல்பிகாவின் மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே. மாப்பிள்ளை வந்து இருக்கப் போகிற வீட்டின் கடதாசியை மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருக்கிறார்கள். ‘எனக்குப் பிறகு இந்த இடம் என் மகள் ஸுல்பிகாவுக்கு’ என்று அந்த உம்மா கொடுத்த தாள் கந்தோர்க் கோவைக்குள் இருக்கிறது. அது இருந்தால்தான் பெயரை மாற்றலாம். இல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். ஸுல்பிகாவின் காக்கா வைக்கவே மாட்டாராம்.

கோவை இல்லை. இருக்க வேண்டிய தட்டில் 211 இருக்கிறது, 213 இருக்கிறது.

“ஆர்ர பைல் உம்மா?” என்று கேட்டேன்.

“றுகையா எண்டு. நீ போய்ப் படி.”

றுகையா. பென்சில் எழுத்து.

நான் சொல்லவில்லை. சிவப்புக் கோவைச் சாக்குகள் கந்தோருக்குப் பின்னால் கராஜில் கிடக்கின்றன என்று உம்மா முன்பே சொல்லியிருக்கிறார். நாளைக்குத் தேடினால் அதற்குள் இருக்கும். இருக்கும்தானே? கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் கொப்பியை இனி யூனிபோம் அடுக்குக்குக் கீழே வைக்க வேண்டும். உம்மா தூங்கிய பிறகுதான் எழுத வேண்டும்.

செப்டெம்பர் 4, வியாழன்

சாக்குகள் இல்லை.

போன சனிக்கிழமையே லொறியில் போய்விட்டன. பழைய கடதாசி வாங்குகிறவரின் லொறி. அப்படிப் போக முடியாது. பட்டியலில் மூன்று பேர் கையெழுத்து வைத்து, கொழும்பிலிருந்து அனுமதி வந்த பிறகுதான் ஒரு தாளாவது வெளியே போகலாம். யாரும் கையெழுத்து வைக்கவில்லை. அனுமதியும் வரவில்லை. றம்ஸீன் சேர், “கராஜப் பாக்க அசிங்கமாக் கெடக்கு, கிளியர் பண்ணுங்க” என்று சொல்லியிருக்கிறார். ஏற்றிவிட்டவர் முத்தலிப் காக்கா. ஆவண அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும், கோவை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை.

இப்போது றம்ஸீன் சேர் சொல்கிறார், உடைந்த கதிரைகளைத்தான் ஏற்றச் சொன்னேன் என்று.

“முத்தலிப் காக்காவுக்கு இன்னம் ரெண்டு வருசந்தான் பென்சனுக்கு” என்று உம்மா சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

செப்டெம்பர் 5, வெள்ளி

மீலாத் லீவு. கடைக்குப் போனேன். வடை சுற்றித் தந்த தாளை வழியிலேயே பிரித்துப் பார்த்தேன். ஏழாம் ஆண்டுக் கணக்குப் பேப்பர். ஒரு பிள்ளை எட்டுப் புள்ளி எடுத்திருக்கிறது. பருப்புச் சுற்றிய தாளையும் பார்த்தேன். அது ஏதோ ஆஸ்பத்திரிப் படிவம், வெறுமை.

கல்முனையில் எத்தனை கடை இருக்கும்?

செப்டெம்பர் 9, செவ்வாய்

டியூசன் முடிந்து நேரே வராமல் பழைய கடதாசி வாங்குகிற ஸ்டோருக்குப் போனேன். பஸ் டிப்போவுக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை. உள்ளே முகட்டைத் தொடும் அளவுக்குக் கட்டுக்கட்டாகப் பேப்பர். தராசுக்குப் பக்கத்தில் ஒருவர் பெனியனோடு இருந்தார்.

“என்ன புள்ள, எக்ஸாம் பேப்பர் தேடி வந்தீங்களா? இஞ்ச போன வருசத்துது மட்டுந்தான் இரிக்கி.”

பக்கத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கந்தோரிலிருந்து வந்த சாக்குகள் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

அவருடைய சிரிப்பு நின்றது. “ஒங்கள ஆரு அனுப்பின?”

“ஒருத்தருமில்ல.”

“நேத்தும் ஒரு ஆள் வந்து கேட்டுட்டுப் போறார். வயசாளி. சைக்கிள்ல வந்தவர். அவருக்குச் சொன்னதத்தான் ஒங்களுக்கும் சொல்றன். சனிக்கெழம ஏத்தினது, ஞாயித்துக்கெழம கொழும்பு லொறியில போயிட்டுது. இப்ப அது அரச்சிக் கூழாப் போயிருக்கும்.”

சைக்கிளில் வந்தவர் முத்தலிப் காக்காவாகத்தான் இருக்கும். நான் தேடுகிறதையே அவரும் தேடுகிறார். நான் செய்ததற்காக.

செப்டெம்பர் 12, வெள்ளி

உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

பட்டியலின் இரண்டாவது பிரதி ஆவண அறை மேசை லாச்சிக்குள் இருந்திருக்கிறது. றம்ஸீன் சேர் கந்தோரில் எல்லாரையும் ஒரு தாளில் எழுதச் சொல்லி, எழுத்தைச் சரிபார்க்கிறாராம். ஒருவருடைய எழுத்தும் பொருந்தவில்லை.

உம்மா ஜும்ஆவுக்குப் பிறகு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். போனில் அந்தப் பட்டியலின் படம். என் எழுத்து. ஏழுக்கு நடுவில் நான் போடுகிற கோடு.

“இஞ்ச வா. முப்பத்தியோராவத வாசி.”

நான் வாசித்தேன். 7/212. றுகையா.

“இத நான் சொல்லி எழுதினியா, நீயா எழுதினியா?”

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எனக்கு ஞாபகமில்ல றினோஸா. ஒரு கெழமையா யோசிக்கிறன். தலையிடியோட நாந்தான் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிட்டனா எண்டு. சொல்லு. நானா, நீயா?”

“நான்.”

“ஏன்?”

“மௌத் எண்டு எழுதியிருந்திச்சி உம்மா. ஆள் மௌத் எண்டா முடிஞ்சிதானே எண்டு…”

உம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. “காணிப் பைலு ஆள் மௌத்தான பொறகுதான் புள்ள வேல செய்யத் தொடங்கும். உசிரோட இரிக்கக்குள்ள ஆரு அதத் தேடிவாற?”

அந்தப் பென்சில் எழுத்தே அதற்குத்தானாம். வாரிசு வருவார்கள், கவனமாக வைத்திரு என்று முந்திய ஒருவர் எழுதி வைத்தது. எங்கள் ஊர்க் கந்தோரில் எல்லாருக்கும் அது தெரியும். எனக்குத்தான் தெரியாது. நான் ஏன் உம்மாவை எழுப்பிக் கேட்கவில்லை? ஒரு தரம் எழுப்பியிருந்தால். பெரிய ஆள் மாதிரி நானே—

“ஒரு மனிசருக்கும் சொல்லப்படா. சரியா? ஊட்டுக்குக் கொண்டு வந்தது தெரிஞ்சாலே என்ட வேல போயிடும்.”

ஓம் என்றேன்.

செப்டெம்பர் 13, சனி

உம்மா நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. கோபம் என்றால் பரவாயில்லை. கோபமாகத் தெரியவில்லை.

செப்டெம்பர் 15, திங்கள்

முத்தலிப் காக்காவை வேலையிலிருந்து இடைநிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும் வரை கந்தோர்ப் பக்கம் வரக் கூடாது. சாவியை எண்ணி வாங்கினார்களாம்.

ஊரில் அதற்குள் கதை வந்துவிட்டது. வகுப்பில் உம்மு கேட்டாள், “டீ, ஒங்கும்மாட கந்தோர்ல ஒரு ஆள் சனத்துட காணியச் சாக்குல கட்டி நிறுத்து வித்துட்டாராமே? கிலோ எவ்வளவாம்?” எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

அல்லாஹ். நான் சிரித்தேன்.

செப்டெம்பர் 17, புதன்

ஸுல்பிகாவின் மகள் றிஸ்லா ராத்தாவாம். எங்கள் பாடசாலையில் ரிலேயில் கடைசியாக ஓடுகிறவர், தலைமை மாணவத் தலைவி. நான் ஆறாம் ஆண்டில் மயங்கி விழுந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு போனவர். நிக்காஹ் ஒத்திவைத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் “பாப்பம்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்களாம்.

இதுவரை அது 7/212. இப்போது முகம் வந்துவிட்டது.

செப்டெம்பர் 20, சனி

அஸர் தொழுதுவிட்டு வந்தபோது வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம். முத்தலிப் காக்கா. உம்மா கதிரை போட்டார். நான் அறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். திரைக்குக் கீழே என் கால் தெரியுமோ என்று விரல்களைச் சுருக்கிக்கொண்டேன்.

முதலில் ஒன்றுமில்லாத கதை. வாப்பா எப்போது வருவார், மழை இந்த வருடம் பிந்துமோ என்று. உம்மா தேத்தண்ணி கொடுத்தார்.

பிறகு அவர் சொன்னார், “தங்கச்சி, அந்தச் சாக்குகள இஞ்ச வாறதுக்கு ஓட்டோவில ஏத்தி உட்டது நான். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும். நீங்க மறக்கல்லயே?”

“மறக்கல்ல காக்கா.”

“விசாரணையில என்னட்டக் கேட்டாங்க, பைலெல்லாம் ஆவண அறைய உட்டு வெளிய போனதா எண்டு. நான் பேசாம இருந்தன். ஏன் பேசல்ல எண்டு நீங்க கேக்கல்ல.”

உம்மாவின் கதிரை கிறீச்சிட்டது.

“நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிக்கன். முப்பத்தெட்டு வருசம் அந்த அறையில இரிந்தன் தங்கச்சி. ஒரு தாள் தொலையல்ல. சுனாமி வந்தண்டைக்கும் மேல் தட்டுல இரிந்ததெல்லாத்தையும் நாந்தான் தூக்கிக் காயப் போட்டது. இப்ப பள்ளிக்குத் தொழப் போனா எனக்குப் பக்கத்துல இடம் உட்டுத்தான் இரிக்காங்க.”

“எனக்கு ரெண்டு நாள் தாங்க காக்கா.”

“ரெண்டு நாள்தானே. தாறன்.” எழும்பினார். செருப்பைப் போடும்போது திரையைப் பார்த்து, “புள்ளைக்கு எக்ஸாம் எப்ப?” என்று கேட்டார்.

“பெப்ரவரியில” என்றார் உம்மா.

தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

காலையில் உம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவி முடிந்த சிரட்டையையே துருவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்று சொன்னேன், “உம்மா, அந்தப் பைல நான் வாசிச்சன்.”

“எந்தப் பைல?”

“றுகையாட. ஒட்டுறதுக்கு முதல்ல உள்ள தொறந்து பாத்தன். ஒரு காயிதத்துல என்ட பொறந்த நாள் இரிந்திச்சி. 2009 மார்ச் 11. நாளும் வருசமும் அப்பிடியே. அதான் முழுக்க வாசிச்சன்.”

உம்மா துருவலையை விட்டு எழும்பினார்.

“என்ன காயிதம்? ஆருக்கு?”

“அம்பாறைக்கு. இத்தோட இணைத்து அனுப்புறன் எண்டு. ஸுல்பிகாட பேர் போட்ட தாள்ர பிரதிதான் இணைச்சது. கீழ கந்தோர்ப் பெரியாள்ர கையெழுத்து.”

“பிரதியா, ஒரிஜினலா?”

“பிரதி எண்டுதான் போட்டிருந்திச்சி. ஒரிஜினல் பைலுக்குள்ளதான் இரிந்திச்சி, நான் கண்டன்.”

உம்மா என்னையே பார்த்தார். பிறகு மளமளவென்று சொல்லத் தொடங்கினார், எனக்கா தனக்கா என்று தெரியாமல். அம்பாறை மேல் கந்தோருக்கு வருகிற கடிதம் எல்லாம் அங்கே வருகைத் தபால் பதிவேட்டில் திகதிப்படி எழுதியிருக்கும். பெயர் வேண்டாம், இலக்கம் வேண்டாம், திகதி தெரிந்தால் போதும். அந்தக் கிழமையின் பக்கத்தைப் புரட்டினால் எந்தக் கோவைக்குள் போட்டார்கள் என்று இருக்கும். திகதி தெரியாவிட்டால் பதினைந்து வருடத்துப் பதிவேடுகளையும் யார் புரட்டுவது?

உம்மாவின் முகம் வெளித்தது. உடனே இருண்டது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

அந்தத் திகதி கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது. “எங்க கண்ட?” என்று கேட்பார்கள்.

அஸருக்குப் பிறகு உம்மா மேசையில் இருந்து நல்ல பேனை ஒன்று கேட்டார். மூன்று தாள் கிழித்தார். நாலாவதை எனக்கு நீட்டினார். “வாசி. பிழை இரிந்தாச் சொல்லு.”

‘மேற்படி கோவைகளை அனுமதியின்றி எனது வீட்டுக்கு எடுத்துச் சென்றவர் நானே. பட்டியலில் உள்ளது பதினாறு வயதான எனது மகளின் எழுத்து. அவளிடம் அதைச் செய்யக் கொடுத்த பொறுப்பு என்னுடையது. இதில் திரு. முத்தலிப் அவர்களுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை.’

அதற்குக் கீழே அம்பாறைக் கடிதத்தின் திகதி, என் பிறந்த நாள்.

பிழை ஒன்றும் இல்லை என்றேன்.

“வாப்பாட்டச் சொல்லல்லயா உம்மா?”

“குடுத்துட்டுச் சொல்லுவம். முதல்ல சொன்னா வேணாமெண்டு சொல்லுவார். நானும் சரி எண்டுடுவன்.”

செப்டெம்பர் 22, திங்கள்

கொடுத்துவிட்டார்.

செப்டெம்பர் 26, வெள்ளி

உம்மா போகிறார், வருகிறார். ஒருவரும் அவரோடு சாப்பிட இருப்பதில்லையாம். றம்ஸீன் சேர் கடிதத்தை வாசித்துவிட்டு, “நதீரா மிஸ், இதக் குடுக்கத்தான் வேணுமா? யோசிச்சிப் பாருங்க” என்று திருப்பி நீட்டினாராம். உம்மா வாங்காமல் வந்துவிட்டார். அவர் ஏன் திருப்பி நீட்டினார்? உம்மா மேல் இரக்கமா? இல்லை, லொறியை யார் வரச் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும் என்றா?

செவ்வாய்க்கிழமை என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டெம்பர் 30, செவ்வாய்

பாடசாலைக்கு வயிற்றுவலி என்று சொன்னோம்.

வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி ஒரு மிஸ். சின்ன உருவம், மூக்குக் கண்ணாடி. உம்மாவை வெளியே இருக்கச் சொல்லவில்லை. அதுவே கொஞ்சம் நிம்மதி. றம்ஸீன் சேர் ஓரத்தில் பேனையின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மிஸ் ஒரு தாளைத் தந்து இலக்கங்களை எழுதச் சொன்னார். 7/212 என்று எழுதி ஏழுக்குக் கோடு போட்டேன். பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“பயமா?”

“ஓம் மிஸ்.”

“அந்தக் கோவைக்குள்ள என்ன கண்டீங்க? ஒவ்வொண்டாச் சொல்லுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். கடிதம், திகதி, இணைப்பு. அந்தத் தாளில் றுகையா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் மையில் ஒரு சின்னப் பிள்ளையின் விரலும் பட்டு இழுபட்டிருந்தது. றுகையாவின் மடியில் பேத்தி இருந்திருக்க வேண்டும். அது றிஸ்லா ராத்தாவாக இருக்கலாம். அதையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ?

மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார், “மத்தக் கோவைகளையும் வாசிச்சீங்களா?”

ஆட்களின் வீட்டு விசயம், அடுத்தவர் சண்டை. வாசிப்பது குற்றமா? “ஒண்டு ரெண்டு” என்றேன்.

“நாங்களே வாசிக்கிறல்ல” என்றார். சிரிக்கவில்லை. பிறகு றம்ஸீன் சேர் பக்கம் திரும்பினார். “இனி நீங்க சொல்லுங்க. அனுமதி வராம லொறி எப்பிடி வந்திச்சி?”

பேனை மூடி கீழே விழுந்தது. எங்களைப் போகச் சொன்னார்கள்.

படியில் இறங்கும்போது உம்மா என் கையைப் பிடித்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரோட்டைக் கடக்கப் பிடிக்கிற மாதிரி, மணிக்கட்டில்.

ஒக்டோபர் 16, வியாழன்

அம்பாறையில் கிடைத்துவிட்டது!! தபால் பதிவேட்டில் அந்தக் கிழமையின் பக்கத்தில், மார்ச் 16 வந்து சேர்ந்ததாக. பிரதியை உண்மைப் பிரதி என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். புதுக் கோவை திறந்து முதல் தாளாக அதைப் போட்டாயிற்று. ஸுல்பிகா பெயருக்கு மாற இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகுமாம், ஆனால் மாறும். மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் நாள் கேட்டிருக்கிறார்கள்.

முத்தலிப் காக்கா திங்களிலிருந்து வேலைக்கு.

இன்று உம்மா எனக்கு முன்னால் அழுதார். நான் அழவில்லை, எனக்கே ஆச்சரியம்.

ஒக்டோபர் 24, வெள்ளி

உம்மாவுக்கும் கடிதம் வந்துவிட்டது. வேலை போகவில்லை. கடும் எச்சரிக்கை, இடமாற்றம். பொத்துவில் பக்கம். நாலே முக்காலுக்கு எழும்பி, ஐந்தரை பஸ்ஸில் போக வேண்டும். றம்ஸீன் சேரிடமும் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். அவர் அதே கதிரையில்தான் இருக்கிறார்.

வாப்பா போனில், “எனக்கு அப்பவே சொல்லியிருந்தா வேணாமெண்டுதான் சொல்லியிருப்பன்” என்றார். உம்மா என்னைப் பார்த்தார்.

ஒக்டோபர் 30, வியாழன்

முத்தலிப் காக்காவைச் சந்தியில் கண்டேன். ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார், சைக்கிளை நிறுத்தவில்லை. கந்தோரில் உம்மாவின் கடைசி நாளிலும் கோவைகளைச் சரிபார்த்து வாங்கி, கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாராம். ஒரு சொல் கதைக்கவில்லை. அவர் தந்தது இரண்டு நாள் மட்டுமல்ல. உம்மா பேசாமல் இருந்த நாட்களையும் அவர் எண்ணியிருப்பார்தானே.

இனி இந்தக் கொப்பியை மேசையிலேயே வைக்கிறேன். வாசிப்பதென்றால் உம்மா வாசிக்கட்டும்.

நவம்பர் 8, சனி

மீன் வாங்கச் சந்தைக்குப் போனேன். கீரி மீன் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் முத்தலிப் காக்கா நின்றார். நான் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன்.

“உம்மா எந்த பஸ்ஸுல போற?” என்று, மீனைப் பார்த்தபடியே கேட்டார்.

“அஞ்சரை பஸ்ஸுல.”

“கடல் பக்கம் இரிக்க வேணாமெண்டு சொல்லு. அந்த பஸ்ஸுல அந்தப் பக்க யன்னலொண்டும் சாத்துப்படாது. இனி மழ. நனைவா.”

பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உம்மா குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“வேற என்ன சொன்னார்?”

“வேற ஒண்டுமில்ல.”

“வேற ஒண்டுமே இல்லயா?”

“இல்ல உம்மா. கடல் பக்கம் இரிக்க வேணாமெண்டு மட்டுந்தான்.”

உம்மா திரும்பிக் குனிந்தார். மீன் எல்லாம் கழுவி முடிந்திருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, பூட்டவில்லை.